உங்கள் அறிக்கையில் சாணிக்கு ஒரு வரி வேண்டும்

கறவை மாட்டுக் கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் வங்கி மேலாளர்களுக்கும், அவற்றுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மாடு வளர்ப்பவள். வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் நிலம். அதில் ஒரு கட்டுத்தறி, 10 சென்டில் புல், 12 சென்டில் காய்கறி, நான்கு தென்னை, வேலியோரமாக முருங்கையும் அகத்தியும். கறவையில் இரண்டு மாடுகள், பால் வற்றிய சினைமாடு ஒன்று, இன்னும் பல் போடாத கிடாரி ஒன்று. எல்லாம் ஜெர்சிக் கலப்பு. காலையும் மாலையும் சேர்த்து 15 லிட்டர் பால் கறக்கிறேன். மூன்று லிட்டர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, ஒரு லிட்டர் எங்களுக்கு, மீதி பால் கூட்டுறவு சொசைட்டிக்கு.

ஐப்பசியில் கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். வேறு கிளைக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று தோன்றியதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். நான் கேட்டவை மூன்று: புல் நிலத்தை இன்னும் 15 சென்ட் நீட்ட வேண்டும், கட்டுத்தறிக்குச் சிமெண்டுத் தளமும் மூத்திர வாய்க்காலும் போட வேண்டும், கிடாரியை ஈனும் வரை வளர்த்தெடுக்க வேண்டும். மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதற்கெல்லாம் திட்டம் கிடையாது அம்மா. பத்து மாடு வாங்குவதாக இருந்தால் சொல்லுங்கள். கொட்டகை, கறவை இயந்திரம் எல்லாம் சேர்த்து அறிக்கை போட்டுவிடலாம்" என்றார்.

மேசைமேல் அப்படி ஓர் அறிக்கை இருந்தது. புரட்டிப் பார்க்க அனுமதித்தார். வரவுப் பக்கத்தில் பால் இருந்தது, கன்று விற்பனை இருந்தது, காலிச் சாக்கு விற்ற காசுகூட இருந்தது. சாணிக்கு ஒரு வரி இல்லை. (வரி என்றதும் ஜி.எஸ்.டி.யில் சேர்த்துவிடாதீர்கள், எழுத்து வரியைத்தான் சொல்கிறேன்.) செலவுப் பக்கத்தில் பசுந்தீவனம் 'வெளியிலிருந்து கொள்முதல்' என்று இருந்தது. அந்த இரண்டு இடங்களையும் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது, இந்த அறிக்கையை எழுதியவர் எந்தக் கட்டுத்தறியையும் ஒரு முழு ஆண்டு பார்த்ததில்லை.

கணக்குப் பார்ப்பவர்கள் நீங்கள், கணக்கிலேயே பேசுகிறேன். தமிழ்நாட்டில் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 என்று வந்தது. அந்த 38-ஐயே எடுத்துக்கொள்வோம். கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் அதுவும் குறையும், அதை விட்டுவிடுவோம். பத்து லிட்டர் கறக்கும் மாடு 380 ரூபாய் கொடுக்கிறது. அதன் உடலைத் தாங்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை), அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ. நான் வாங்கும் விலையில் கிலோ 28 ரூபாய் என்றால் 154. இருபது கிலோ பசும்புல்லை கிலோ நான்கு ரூபாய்க்கு வாங்கினால் 80. ஐந்து கிலோ சோளத்தட்டுக்கு 50. மொத்தச் செலவு 284. கையில் நிற்பது 96. டாக்டர், காப்பீடு, தாது உப்பு, வட்டி எல்லாம் இந்த 96-க்குள்தான்.

இதே மாடு ஏழாவது, எட்டாவது மாதத்தில் ஆறு லிட்டருக்கு இறங்கும். வரவு 228. அடர்தீவனத்தைக் குறைத்தாலும் 109, புல்லும் தட்டும் அதே 130. பதினொரு ரூபாய் நட்டம். அதற்குப் பிறகு ஈனும் முன் இரண்டு மாதம் பாலை வற்ற விட்டே ஆக வேண்டும். அந்த 60 நாளும் வரவு சுழியம், வாய் மட்டும் அதே வாய். புல்லை விலைக்கு வாங்கிப் பால் ஊற்றுகிறவர் ஆண்டின் கடைசியில் தன் உழைப்பைத்தான் விற்றிருப்பார், அதுவும் அடிமாட்டு விலைக்கு.

அந்த 80 ரூபாய்ப் புல்லை வீட்டுக்குப் பின்னாலேயே முளைக்க வைத்தால் கணக்கே வேறு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இது ஏன் உங்கள் படிவத்துக்குள் நுழைய மறுக்கிறது என்பதைச் சொல்ல, என் கொழுந்தன் முறையாகும் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவர் பத்து மாட்டுக் கடன் வாங்கினார். பத்தும் ஒரே மாதத்தில் வந்து இறங்கின. எல்லாம் கன்று போட்டுப் பத்து, இருபது நாளான மாடுகள், பார்க்கவே கண் நிறைந்தது. முதல் இரண்டு மூன்று மாதங்கள் நாளுக்கு நூறு லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்தது. கடன் கொடுத்தவர்கள் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஈன்ற மாடு ஆறு, எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கத் தொடங்கும். பத்தும் ஒன்றாக ஏறியதால் பத்தும் ஒன்றாகவே இறங்கின. இறங்காமல் நின்றது தவணை மட்டும். சினைப்பருவத்தைக் கவனிக்க ஆள் போதவில்லை. மாடு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி போட வேண்டும். ஒரு முறை தவறவிட்டால் இன்னொரு 21 நாள் தீவனம் வீண். இரண்டு மாட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்; பத்து மாட்டுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும், நோட்டில் எழுதுபவர் இரவும் கொட்டகையில் இருக்க வேண்டும். புல் ஒரு சென்டும் கிடையாது, தட்டு லாரியில் வந்தது. நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் விழுந்த சாணியைப் போட நிலமும் இல்லை. ரோட்டோரம் குவித்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு கூடை சிந்தினால் மாமியார் திட்டுவார். அங்கே அதை அள்ளிப்போகக் கூலி கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் மூன்று மாடு மிஞ்சியது. இன்றைக்கும் அவர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். வளைகுடாவுக்குப் போன மகன் அனுப்பும் பணத்தில்.

அவரைச் சோம்பேறி என்று ஊரில் பேசுகிறார்கள். நான் பேசமாட்டேன். அறிக்கையில் என்ன இருந்ததோ அதை அப்படியே செய்தார்.

எங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்தது. அதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, கையில் காசு இல்லாததுதான் காரணம். எட்டு ஆண்டுகளுக்கு முன் மாடு வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது, "புல்லை நட்டுவிட்டு வந்து மாட்டைப் பற்றிப் பேசு" என்றார் மாமியார். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணை 1,300-க்கு மேல் பக்கத்து ஊரிலிருந்து இரவலாக வாங்கி, இரண்டடிக்கு ஒரு பார் பிடித்து நட்டோம். மூன்று வரிசை புல், ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம், அதற்குப் பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. நிலத்தை ஒன்பது பாத்தியாகப் பிரித்துக்கொண்டால் ஒரு பாத்தி ஐந்து நாளைக்கு வரும். ஒன்பதாவது தீரும்போது முதல் பாத்தி இடுப்புக்கு மேல் நிற்கும். புத்தகக் கணக்கில் பத்து சென்டில் நாளுக்கு 40 கிலோ வர வேண்டும். எனக்கு 20, 25-க்கு மேல் வந்ததில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறு ஏறும், புல்லும் ஏறும். சித்திரை, வைகாசியில் இரண்டும் படுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் வேலியில் அகத்தி.

புல் வந்த பிறகே முதல் மாடு வந்தது. மூன்றாம் ஈற்று. சந்தையில் மடி கனத்து நின்றது, வீட்டுக்கு வந்ததும் பாதிகூட இல்லை. ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியை வீங்க வைத்திருக்கிறார்கள். மூன்று வேளை தொடர்ந்து கறந்து பார்த்துவிட்டே விலை பேச வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் அந்த மாடுதான் எங்களுக்குக் கிடாரிக் கன்றாக இரண்டு போட்டது. இரண்டாவது மாட்டை விலைக்கு வாங்கியபோது முதல் மாடு ஈன்று ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். இந்த எட்டு ஆண்டில் சொசைட்டிக்குப் பால் போகாத நாள் என்று ஒன்று இல்லை. இரண்டு மாடு வாங்கும்போது ஐந்தாறு மாத இடைவெளி வேண்டும் என்பது பால்பண்ணைத் தொழிலின் அரிச்சுவடி. அதையே நீங்கள் கடைப்பிடிக்காததற்குக் காரணம் கடன் தொகையை ஒரே நிதியாண்டுக்குள் கொடுத்து முடிக்க வேண்டியிருப்பது என்று கேள்விப்பட்டேன். மார்ச் 31 மாட்டின் கருப்பைக்குத் தெரியாது.

காய்கறித் தோட்டம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 'கிச்சன் கார்டன்' என்று மேலாளர் சிரித்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைப்பதாக நினைத்துக்கொண்டார் போல. என் 12 சென்டில் ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், பந்தலில் புடலையும் பீர்க்கும், தையில் கீரையும் அவரையும். ஆவணிக்கு மேல் வாரத்துக்கு இரண்டு நாள் உழவர் சந்தைக்குப் போகிறேன். மாடு வற்றிய மாதத்தில் வீட்டுக்கு உப்பு, புளி வாங்குவது அந்தக் காசுதான். நான் காய்கறிக்கு உரம் வாங்கி ஐந்து ஆண்டாகிறது. நான்கு உருப்படி நாளுக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடுகின்றன. மக்கினால் பாதியாகும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஏழு டன். காய்கறிக்கு ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் என்பது பரிந்துரை. என் 12 சென்டுக்கு ஒரு பட்டத்துக்கு ஒரு டன்னும் கொஞ்சமும் போதும். புல்லுக்கும் தென்னைக்கும் போக மீதியை மஞ்சள் போடும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆண்டுக்கு இரண்டு டிராக்டர் அள்ளிப் போகிறார். கட்டுத்தறி கழுவிய தண்ணீரும் மூத்திரமும் புல் பாத்திக்கு ஓடுகின்றன, இப்போதைக்கு மண் வாய்க்காலில் பாதி உறிஞ்சப்பட்டு. சிமெண்டு வாய்க்கால் கேட்டது அதற்காகத்தான்.

எருக்குழியில் நான் பட்ட அடியையும் மறைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு பச்சைச் சாணியை அப்படியே கத்தரிக்குக் கொட்டினேன். களை காடாகக் கிளம்பியது, வேரில் புழு. குழியைக் கிளறாமல் விட்டதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தென்னங்குருத்தை விசிறி போலக் கத்தரித்துவிட்டது. ஐந்து மரத்தில் ஒன்று போய்த்தான் நான்கு. இப்போது குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குகிறேன், வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்கிறேன், மூன்று மாதம் மக்காமல் ஒரு கூடையும் எடுப்பதில்லை. பொறுக்கிய புழு கோழிக்கு.

தோட்டத்திலிருந்து மாட்டுக்கும் போகிறது. முற்றிய வெண்டை, அவரைக்கொடி, வாழைமட்டை, முருங்கைத் தழை. ஆனால் கண்டதையும் போடக் கூடாது. மரவள்ளித் தழையும், பூ எடுக்காத இளஞ்சோளமும் நஞ்சு. வறட்சியில் வாடிய சோளத்தை ஒரு வாய் கடித்துவிட்டு மாடு சுருண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு மிஞ்சிய சோற்றை அள்ளிக் கொட்டினால் வயிறு புளித்து உயிரே போகும். ஊரில் கல்யாணம் முடிந்த மறுநாள் கால்நடை டாக்டரின் போன் ஓயாமல் அடிக்கும். மாடு தின்னும் தழை என்பதாலேயே காய்கறிக்கு மருந்தடிப்பதை விட்டேன். அடித்தால் அது பாலுக்குத்தானே வரும். அந்தப் பாலை என் பேத்தி குடிக்கிறாள்.

கட்டுத்தறிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரிசை சோற்றுக்கற்றாழை. மடிநோய்க்கு அது 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிப் பாலைச் சுத்தமாகப் பீய்ச்சிவிட்டு நாளுக்குப் பத்துமுறை பூசச் சொல்கிறது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் மரபு வைத்தியம். தொடக்கத்திலேயே பூசியதில் எனக்கு இரண்டு தடவை தணிந்தது. மூன்றாவது தடவை காய்ச்சலோடு வந்தபோது டாக்டரைத்தான் கூப்பிட்டேன்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கடனை மாட்டின் தலையை எண்ணிக் கொடுக்காதீர்கள். மனு கொடுப்பவரிடம் முதலில் புல் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். இல்லை என்றால் புல்லுக்கும் தண்ணீருக்கும் முதல் தவணையைக் கொடுங்கள், புல் அறுப்புக்கு வந்ததை வந்து பார்த்துவிட்டு முதல் மாட்டுக்குக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து இரண்டாவதற்கு. திருப்பிக் கட்டும் தவணையில் வற்றுகாலத்து இரண்டு மாதத்துக்கு வட்டியை மட்டும் வாங்குங்கள். பயிர்க்கடனை அறுவடை பார்த்து வசூலிக்கத் தெரிந்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

கிடாரிக்குக் கடன் இல்லை என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். பால் தராத உருப்படிக்கு எப்படிக் கொடுப்பது என்கிறீர்கள். கலப்பினக் கிடாரி முதல் கன்று போட இரண்டரை ஆண்டாகும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் ஊரில் பாதிப் பேர் ஆறு மாதக் கிடாரியை விற்றுவிட்டு, பிறகு உங்களிடம் வந்து கடன் வாங்கி, யாரோ வளர்த்த மாட்டை, தாய் யார், எவ்வளவு கறந்தது என்று தெரியாமல் சந்தையில் வாங்குகிறார்கள். என் கிடாரியின் தாயையும் பாட்டியையும் நானே கறந்திருக்கிறேன். எந்த ஈற்றில் எத்தனை லிட்டர் என்று நோட்டில் இருக்கிறது. உங்களுக்கு அதைவிட நல்ல ஈடு எது?

கிசான் கிரெடிட் கார்டைப் பற்றியும் ஒரு சொல். 2019 முதல் அது மாடு வளர்ப்போருக்கும் உண்டு. தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கு. 2025 ஜனவரியிலிருந்து இரண்டு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. வாடகைக் கொட்டகையில் மாடு கட்டியிருப்பவருக்கும் தகுதி உண்டு. ஆனால் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "சிட்டா யார் பேரில்?" எங்கள் வீட்டுச் சிட்டா மாமனார் பேரில். அவர் போய்ப் பதினோரு ஆண்டாகிறது. பாகம் பிரிக்க மூன்று பேர் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வர வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு மடியைக் கழுவும் பெண்களில் பெரும்பாலோர் பேரில் ஒரு சென்டும் கிடையாது. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை தொங்குகிறது. சொசைட்டியின் பால் அட்டை என் பேரில் இருக்கிறது, எட்டு ஆண்டுப் பாலும் தேதிவாரியாக அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்து முடிவெடுக்க முடியாதா?

உருப்படி நான்காகிவிட்டதால் சாண எரிவாயுக் கலனும் வைக்கலாம் என்று ஆசை இருக்கிறது. இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளுக்கு 50 கிலோ சாணி வேண்டும். கிடாரி வளர்ந்துவிட்டால் அந்த அளவு வந்துவிடும். அதற்கு இப்போது மனு போடவில்லை, ஒன்றொன்றாக வருகிறேன்.

சினைமாடு தை கடைசியில் ஈனும். அதற்குள் தளம் போட்டுவிட்டால் கன்று ஈரத்தில் படுக்காமல் இருக்கும். என் மனு உங்களில் ஒருவர் மேசையில்தான் இருக்கிறது. கள ஆய்வுக்கு வருவதாக இருந்தால் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் வாருங்கள். அதற்குப் பிறகு பால் கேனோடு சொசைட்டி வரிசையில் நிற்பேன். புதனும் சனியும் என்றால் உழவர் சந்தையில். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கட்டுத்தறி இன்னும் மண்தரைதான்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்துப் பால்காரி ஒருத்தி